பிள்ளையாரைச் சுற்றும் தூரம்

புஷ்பவதிக்குச் சுற்றுப்பாதை என்றால் ஆகாது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் உள்ள குணம்தான். இவளுக்குக் கொஞ்சம் கூடுதல். தோட்டத்துத் துரையின் ஜீப்புக்காக வளைந்து வளைந்து ஏறும் ரோட்டை, லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருக்கும் சனங்கள் ஒருநாளும் பெரிதாக மதித்ததில்லை. லயத்திலிருந்து காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்கு ஒரு குறுக்கு, அங்கிருந்து கோயிலுக்கு ஒரு குறுக்கு, கோயிலிலிருந்து ரப்பர் மரங்களுக்கு நடுவே கஹவத்தை பஜாருக்கு இன்னொரு குறுக்கு. பஜாருக்குள் வந்த பிறகும் அவள் கால் அடங்காது. அடுத்த தெருவுக்குப் போக வேண்டுமென்றால் ஏதாவது ஒரு கடையின் முன்வாசலால் நுழைந்து பின்வாசலால் வெளியேறுவாள். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்க எழுந்திரிப்பதற்குள் ஆள் அடுத்த தெருவில் இருப்பாள்.

அப்படி அவள் கடந்துபோன கடைகளில் ஒன்று பழனியப்பனின் பாத்திரக்கடை. பெண் ஒருத்தி வாரத்துக்கு ஒருமுறை குறுக்கே ஓடுவதைக் கவனித்த அவர் ஒருநாள் பின்கதவைப் பூட்டிவைத்தார். அவள் திரும்பி வர வேண்டியதாயிற்று. அன்றைக்குத்தான் முகத்தைச் சரியாகப் பார்த்தார். பஜார்க்காரர்கள் லயத்தில் பெண் எடுப்பதா என்று அவர் வீட்டில் கொஞ்சநாள் முறுக்கிக்கொண்டு நின்றார்கள், பிறகு விட்டுக்கொடுத்தார்கள். எதற்கும் ஒரு மூடி வேண்டும், கதவு வேண்டும், பூட்டு வேண்டும் என்று நினைக்கிற மனிதர் அவர். பாத்திரக்காரப் புத்தி என்பாள் புஷ்பவதி.

தொண்ணூற்றிரண்டில் தோட்டங்களுக்குக் கம்பனிகள் வந்தன. அதைத் தொடர்ந்து, பஜாரை ஒட்டியிருந்த தனியார் ரப்பர் காணிகளும் ஒவ்வொன்றாகத் துண்டு போடப்பட்டன. மரங்களை வெட்டினார்கள், மண்ணை மட்டம் பண்ணினார்கள், 'சிசில உயன' என்று ஒரு பெரிய பலகையை நட்டார்கள். குளிர்ச்சியான பூங்கா என்று அர்த்தம். குளிர்ச்சி தந்துகொண்டிருந்த மரங்களைத்தான் முதலில் வெட்டினார்கள் என்பது வேறு விஷயம்.

பிளானில் பார்த்தால் அது ஒரு சீப்பு மாதிரி இருந்தது. மெயின் ரோடு தண்டு, தெருக்கள் பற்கள். ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்குப் போக வேண்டுமானால் கீழே தண்டுக்கு இறங்கி மறுபடி ஏற வேண்டும். பழைய பஜாரில் எந்தச் சந்தில் நுழைந்தாலும் வேறொரு சந்தில் வெளியே வரலாம். இங்கே நுழைந்தவர் நுழைந்த வழியேதான் வர வேண்டும். பழனியப்பனுக்கு அந்தப் பிளான் மிகவும் பிடித்துப்போயிற்று. ஒரு தெருவின் கடைசித் துண்டை வாங்கினார்.

"கடைசி வீடு. இதத் தாண்டி ஒருத்தனும் போக மாட்டான். நிம்மதியா இருக்கலாம்" என்றார்.

"நல்ல எடந்தாங்க" என்றாள் புஷ்பவதி. அந்தத் துண்டின் பின்வேலிக்கு அப்பால் தோட்டம். வேலியிலிருந்து ஏறும் ஒற்றையடிப் பாதையின் முடிவில் லயம். லயத்து வரிசையின் கடைசி வீடான தொங்கல் காம்பராவில் அவளுடைய அக்கா கருப்பாயி இருந்தாள். அம்மா செத்த பிறகு புஷ்பவதியை வளர்த்தவள் அவள்தான். ஒரே துண்டுக் காணியில் புருசன் நிம்மதியையும் பெண்சாதி அக்காவையும் வாங்கிக்கொண்டார்கள். இரண்டும் ஒத்துவராது என்று அப்போது இருவருக்கும் தோன்றவில்லை.

குடிபுகுந்த அன்று பால் காய்ச்ச வந்த தோட்டத்துக் கோயில் பூசாரி ஏழுமலை, தெருவையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மொதலாளி, தெரு நேரா வந்து ஒங்க கேட்டுல முட்டுது. இது தெருக்குத்து. ஒரு பிள்ளையார வைச்சிருங்க."

"இந்தத் தெருவுல வர்றதே நாங்கதான். எங்கள நாங்களே குத்திக்குவமா?" என்று பழனியப்பன் சிரித்தார்.

புஷ்பவதி பின்வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டாள். முதலில் அவளும் அக்காவும் மட்டும் போய்வந்தார்கள். இங்கே மீன் குழம்பு கொதித்தால் அது ஆறுமுன் அங்கே இருக்கும். பிறகு அக்காவின் அடுத்த காம்பராப் பெண்கள் பஜாருக்குப் போக அந்த வழியைப் பிடித்தார்கள். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள், கிளினிக் போகிறவர்கள், தோட்டத்தில் விறகு வாங்க வந்த தெருக்காரர்கள். தெருவின் கீழ்முனைக்கு எதிரே ஆஸ்பத்திரி இருந்ததால் நோயாளிகள் எல்லோருக்கும் புஷ்பவதியின் குசினிப்பக்கம்தான் பெருந்தெரு. போகிறவர்கள் என்ன கறி என்று கேட்டுவிட்டுப் போவார்கள். சிலர் வாசத்தைப் பிடித்துவிட்டு, புளி கொஞ்சம் கூடிப்போச்சு என்றும் சொல்வார்கள். அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ரோடு தன் வீட்டுக்குள்ளேயே இருப்பது அவளைப் போன்ற ஒருத்திக்குக் கொடுத்துவைத்த வாழ்க்கை.

குறையெல்லாம் பழனியப்பனுக்குத்தான். தொண்ணூற்றொன்பதில், சம்பளத்துக்கு மறுநாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பின்பக்கத் தொட்டியடியில் இடுப்பில் ஒரு துண்டோடு தலை நிறையச் சவர்க்காரம் போட்டுக்கொண்டு நின்றார். தோட்டமே சாமான் வாங்கப் புறப்பட்டு அந்த வழியாக வந்தது. ஒருவர் தப்பாமல் எல்லோரும் "கும்புடுறேங்க மொதலாளி" என்றார்கள். மரியாதை தெரிந்த சனங்கள். கண்ணைத் திறக்க முடியாத மொதலாளி சத்தம் வந்த பக்கமெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிடும்போது துண்டைப் பிடிக்க முடியாது. ஒருத்தி நின்று, போன வாரம் வாங்கிய இட்டலிச் சட்டிக்கு மூடி பொருந்தவில்லை என்று முறைப்பாடும் வைத்தாள்.

அந்த மாதமே புஷ்பவதி ஒரு கல்யாணத்துக்குக் கலவானைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது பின்வேலி இருந்த இடத்தில் சீமெந்துக் கல் சுவர் நின்றது. பூச்சுகூடக் காய்ந்திருந்தது.

அவள் புருசனோடு போட்ட சண்டையை இங்கே எழுத வேண்டியதில்லை. தெரு முழுக்கக் கேட்டது. ஆனால் அவள் பயந்தது வேறொன்றுக்கு. அவள் இல்லாத நேரத்தில் அக்கா ஒரு கட்டுக் கீரையோடு வந்து, கொத்தனார் கல் வைப்பதைப் பார்த்து நின்றுவிட்டு, கீரையோடு திரும்பிப் போயிருக்கிறாள். புஷ்பவதி பஸ் பிடித்து, பஜாரில் இறங்கி, தோட்டத்து பஸ்ஸுக்குக் காத்திருந்து, சுற்றிச் சுற்றிப் போய்ச் சேர்ந்தாள். வழியெல்லாம் யோசித்தாள். புருசனை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"களவு கூடிப்போச்சுக்கா. அதான் கட்டுனோம்" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் அது எங்கே போய்க் குத்தும் என்று புரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது லயம் மட்டும்தான். கருப்பாயி தலையை ஆட்டினாள். "அப்படியா. நல்லது" என்றாள். அடுத்தமுறை புஷ்பவதி போனபோது, "வாடி" என்று கூப்பிடுகிற அக்கா, "வாங்க, ஒக்காருங்க" என்றாள். விருந்தாளிகளுக்கு வைத்திருக்கும் கண்ணாடிக் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தாள். அந்த மரியாதையைப் போலப் புஷ்பவதியை அழவைத்த அவமரியாதை வாழ்க்கையில் வேறு கிடையாது.

சுவர் மட்டும் சும்மா இருந்ததா என்றால் இல்லை. இரண்டு வாரத்தில் ஒரு கல் காணாமல் போகும். மறு வாரம் பக்கத்துக் கல். ஆள் நுழையும் அளவு ஓட்டை விழுந்ததும் பழனியப்பன் கொத்தனாரைக் கூப்பிடுவார். யார் எடுக்கிறார்கள் என்று தெரியவில்லை. லயத்துக்காரர்கள் என்றார் பழனியப்பன். எடுத்த கற்களில் சில புஷ்பவதியின் கோழிக்கூட்டுக்குக் கீழே இருந்தன என்பதை அவர் கவனிக்கவில்லை.

கடைசியில் இரண்டாயிரத்தொன்றில் அவருக்கு ஒரு புத்தி வந்தது. ஏழுமலையைக் கூட்டிவந்தார்.

"நீங்க சொன்னது சரிதான் பூசாரி. தெருக்குத்துத்தான். பிள்ளையார வைச்சிருவோம்."

"கேட்டு வாசல்லயா மொதலாளி?"

"இல்ல. பின்செவுத்துல. அந்த ஓட்டை விழுற எடத்துல."

கேட்டிலிருந்து வீட்டின் ஓரமாக நேரே போனால் அந்த இடம். தெரு குத்தினால் அங்கேதான் போய்க் குத்தும் என்று அவர் விளக்கினார். ஏழுமலைக்கு விஷயம் புரிந்தது; ஆனாலும் பிள்ளையார் வைக்கிறேன் என்பவரை வேண்டாம் என்று எந்தப் பூசாரி சொல்வார். சுவரோடு சுவராக ஒரு மாடம் எழுந்தது. மந்திரம் சொல்லி, தெருவைப் பார்த்தபடி பிள்ளையாரை வைத்தார்கள். அன்றிலிருந்து ஒரு கல்லும் போகவில்லை. சாமிக்குப் பக்கத்தில் யார் அலவாங்கால் கல்லை நெம்புவார்கள். பழனியப்பன் பூட்டு வாங்கும் செலவில்லாமல் ஒரு காவல்காரரை வைத்துவிட்ட பெருமையில் திரிந்தார்.

லயத்துப் பக்கம் வேறு பேச்சு நடந்தது. "பிள்ளையார் நமக்கு முதுகக் காட்டிக்கிட்டு ஒக்காந்திருக்காரு" என்றார்கள். அதற்காக விட்டுவிடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் சுவரின் பின்புறம் கற்பூரம் எரியும். தெருப்பக்கம் பக்கத்து வீட்டுக் குணசேகர மாத்தயாவின் மகளுக்கு வேலை கிடைத்தது. அவர் பெண்சாதியான நோனா தேங்காய் உடைத்தார். அதன் பிறகு இரண்டாம் தெரு, மூன்றாம் தெருவிலிருந்தெல்லாம் சனங்கள் மெயின் ரோட்டுக்கு இறங்கி ஏறி வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் பிள்ளையாரைச் சுற்ற முடியாமல் நின்ற இடத்திலேயே தங்களைத் தாங்களே சுற்றிக்கொண்டார்கள். காலையில் பழனியப்பன் பல் விளக்க வந்தால் கொல்லையில் மூன்று பேர் பம்பரம் மாதிரிச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். நிம்மதி இப்போதும் இல்லை. ஆனால் இது பக்தி. வாயைத் திறக்க முடியாது.

இப்படி ஐந்தாறு வருசம் ஓடிய பிறகுதான் அவர்களுடைய ஒரே மகள் துஷாந்தினி உயர்தரப் பரீட்சை எழுதினாள். முடிவு வருகிற அன்று பழனியப்பன் விடியற்காலையிலேயே எழுந்துவிட்டார். மகள் என்றால் உயிர். குளித்துவிட்டுப் பிள்ளையார் முன்னால் நின்று, குசினிக்குள் கேட்கும்படி சத்தமாக வேண்டினார்.

"அப்பனே, புள்ள கெம்பசுக்குப் போயிட்டா ஒன்னய நூத்தியெட்டுத் தரம் சுத்தி வர்றேன். இது சத்தியம்."

உள்ளே கடுகு தாளித்துக்கொண்டிருந்த புஷ்பவதிக்கு அது தெளிவாகக் கேட்டது. கடுகு வெடித்து முடியும்வரை காத்திருந்தாள்.

துஷாந்தினிக்குப் பேராதனைப் பல்கலைக்கழகம் கிடைத்தது. இனிப்பெல்லாம் கொடுத்து முடித்த பிறகு பழனியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிள்ளையாரிடம் போனார். இடப்பக்கம் பார்த்தார், சுவர். வலப்பக்கம் பார்த்தார், சுவர்.

"என்னாங்க, சுத்தலயா?" என்று புஷ்பவதி வாசலிலிருந்து கேட்டாள்.

ஏழுமலைக்கு ஆள் போயிற்று. நின்ற இடத்தில் சுற்றிக்கொள்ளலாமா என்று பழனியப்பன் கேட்டார். வேண்டும்போது அப்படிச் சொல்லியிருந்தால் சரி, ஒன்னய சுத்துறேன்னு அல்லவா சொல்லியிருக்கீங்க என்றார் பூசாரி. சாமியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைக்கலாமா? வைத்த சாமியை நகர்த்தக் கூடாது. சுவருக்கு இரண்டு பக்கமும் ஏணி வைத்து ஏறி இறங்கினால்? சாமி தலைக்கு மேலே காலைத் தூக்குவீங்களா மொதலாளி?

"அப்ப என்னாதான் செய்யுறது?"

"செவுத்துல ரெண்டு பக்கமும் வழி விட்டுருங்க."

"அது முடியாது" என்றார் பழனியப்பன். பிறகு, வீம்புக்கென்றே, "வெளியால சுத்திப் போய் அந்தப் பக்கமா வந்தா அதுவும் சுத்துத்தானே?" என்று கேட்டார்.

ஏழுமலை யோசித்துப் பார்த்தார். சாஸ்திரத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை. பிள்ளையாருக்கு முன்னால் தொடங்கி, கேட்டைக் கடந்து, தெரு இறங்கி, மெயின் ரோட்டில் நடந்து, பஜார்ச் சந்தி, தோட்டத்து ரோடு, லயம், ஒற்றையடிப் பாதை, சுவரின் பின்புறம். அது அரைச் சுற்று. மிச்ச அரைக்கு வந்த வழியே திரும்பினால் வலமாகாது. ஆகையால் லயத்துக்கு மேலே ஏறி, தோட்டத்துத் தொழிற்சாலையான ஸ்டோரைக் கடந்து, மறுபக்க ரோட்டால் மெயின் ரோட்டுக்கு இறங்க வேண்டும். பிள்ளையார் தம்முடைய அப்பா அம்மாவைச் சுற்றி உலகத்தையே சுற்றிய பேர் வாங்கினார். பழனியப்பனோ பிள்ளையாரைச் சுற்ற உலகத்தைச் சுற்ற வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டுக்கு அடுத்த வீட்டு மக்கீனிடம் ஓட்டோ இருந்தது. பழனியப்பன் அவரிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார்.

"நூத்தியெட்டு டிரிப்பும் ஓடலாம் மொதலாளி. ஆனா சுத்துறது என்ட ஓட்டோ. அப்ப நேர்த்தி நிறைவேறுறதும் ஓட்டோவுக்குத்தானே?" என்றார் மக்கீன். நடப்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று.

நாளுக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் மறுநாள் காலை புறப்பட்டார். புஷ்பவதியும் கூடப் புறப்பட்டாள். பெண்சாதியின் பக்தியை நினைத்து அவர் நெகிழ்ந்துபோனார். பெண்சாதியின் கையில் தூக்குச்சட்டியில் மீன் குழம்பு இருந்தது.

மெயின் ரோட்டில் இறங்கியதும் பழனியப்பனுக்கு ஊர் புதிதாகத் தெரிந்தது. கடைக்கு ஓட்டோவில் போய்வருகிறவர் அதுவரை எதையும் கவனிக்கவில்லை. அவர் வந்தபோது ஐந்து பல்லாக இருந்த சீப்பு இப்போது பக்கத்துக் காணி, அதற்கடுத்த காணி என்று நீண்டுபோயிருந்தது. ஒவ்வொரு தெருவின் முடிவிலும் ஒரு கேட், ஒரு சுவர்.

"இங்கின முந்தி பஜாருக்கு ஒரு குறுக்கு இருந்துச்சே?" என்றார் ஓரிடத்தில்.

"இருந்துச்சு."

"என்னா ஆச்சு?"

"ஒங்களமாதிரி நிம்மதி வேணும்னு ஒருத்தரு கட்டிட்டாரு" என்றாள் புஷ்பவதி.

யுத்தத்துக்காகச் சந்தியில் பொலிஸ் காவலரண் போட்டிருந்த காலம் அது. இரண்டாம் நாளும் அதே நேரத்தில் அதே தமிழர் வேர்த்து விறுவிறுத்துக் கடந்துபோவதைப் பார்த்த கொஸ்தாப்பல் மறித்தார். அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த நாட்களில் காரணமில்லாமல் நடப்பதே ஒரு குற்றம்.

"கணதெவியன்ட பாரயக், சேர்" என்று புஷ்பவதி முந்திக்கொண்டு சொன்னாள். பிள்ளையாருக்கு நேர்த்திக்கடன் என்று தொடங்கி, சுவர், சத்தியம், மகள் என்று எல்லாவற்றையும் சிங்களத்தில் விரித்துரைத்தாள். கொஸ்தாப்பல் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்தார். தனக்கு ஊர்ப்பக்கம் இடமாற்றம் கிடைக்க ஒரு சுற்றுச் சேர்த்துச் சுற்றும்படி கேட்டுக்கொண்டு விட்டுவிட்டார். பழனியப்பனுக்கு வெட்கத்தில் முகம் கறுத்துவிட்டது.

லயத்தை அடையும்போது அவருக்கு ஒவ்வொரு நாளும் மூச்சு வாங்கும். தொங்கல் காம்பரா வாசற்படியில் உட்காருவார். கருப்பாயி உள்ளேயிருந்தபடியே "வாங்க" என்பாள், கண்ணாடிக் கோப்பையில் தேத்தண்ணி வரும். புஷ்பவதி குழம்பை வைப்பாள். நல்லாருக்கு என்று சொல்வதைத் தவிர அக்கா ஒரு குறையும் சொல்ல மாட்டாள். குறை சொல்லாத அக்காவைப் புஷ்பவதிக்குத் தெரியாது.

எத்தனையாவது சுற்றோ, அன்று கருப்பாயி தேத்தண்ணியோடு எழுந்து வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வலது காலில் பழைய சேலைத் துணி சுற்றியிருந்தது. அவள் உட்காரும்போது துணி விலகிற்று. புஷ்பவதி குனிந்து பார்த்தாள். பாதத்தின் ஓரத்தில் ஒரு புண், சுற்றிலும் கறுத்துப்போயிருந்தது.

"என்னாக்கா இது?"

"ஒன்னுமில்ல. சீனி வியாதிதானே. ஆறும்."

"கிளினிக்ல என்னா சொன்னாங்க?"

கருப்பாயி துணியை இழுத்துக் காலை மூடினாள். பழனியப்பன் கோப்பையைக் கீழே வைத்தார். "மதினி, கிளினிக் போறீங்கதானே?" என்றார்.

"போனேன் தம்பி. முந்தி மாசா மாசம் போனேன். குறுக்குல எறங்குனா ஆஸ்பத்திரி. இப்ப பஜாருக்குப் போயி பஸ் மாறணும். காலு முடியல. அதனால போறத விட்டுட்டேன்."

"எப்ப விட்டீங்க?"

"அது ஆச்சு. செவுரு கட்டுன பொறகு கொஞ்ச நாளு பாத்தேன். பொறகு விட்டுட்டேன்." யார் மேலும் குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. மழை பெய்தது, போகவில்லை என்பதுபோலச் சொன்னாள்.

புஷ்பவதிக்குப் புருசன் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம் பெரிது. இத்தனை வருசமாகக் குழம்பு கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அக்கா "வாடி" என்று சொல்லவில்லையே என்று ஏங்கியிருக்கிறாள். காலைக் குனிந்து பார்க்கவில்லை.

பழனியப்பன் எழுந்து நின்றார். "மதினி, அந்தச் செவுர நான் கட்டுனேன். இவ கலவானைக்குப் போயிருந்தா. களவும் இல்ல, ஒன்னும் இல்ல. குளிக்கிறப்ப நாலு பேரு பாத்துட்டாங்கன்னு கட்டுனேன்" என்றார்.

கருப்பாயி அவரைப் பார்க்கவில்லை. தங்கச்சியைத்தான் பார்த்தாள். "இத ஏன்டி என்கிட்ட சொல்லல? கூறுகெட்டவளே" என்றாள். புஷ்பவதி படியில் உட்கார்ந்து, நாலு வீட்டுக்குக் கேட்க அழுதாள். சந்தோசமா துக்கமா என்று பக்கத்துக் காம்பராக்காரிகளுக்குப் பிடிபடவில்லை.

பழனியப்பன் பக்கத்துக் காம்பராவில் ஓர் அலவாங்கு கேட்டு வாங்கினார். மற்றச் சுற்றையெல்லாம் மறந்துவிட்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கி, சுவரின் பின்புறத்தில் நின்று, பிள்ளையாரை மனதில் நினைத்துக்கொண்டு முதல் குத்துக் குத்தினார். பிள்ளையாரின் இரண்டு பக்கமும் வழி விழுந்தது. லயத்திலிருந்து பொடியன்களும் பெண்களும் ஓடி வந்து கல்லை ஒதுக்கினார்கள். மாடம் மட்டும் நடுவில் தனியாக நின்றது. மிச்சச் சுற்றுகளை அங்கேயே சுற்றி முடித்தார். வெளியால் நடந்தவை கணக்கில் சேருமா என்று கேட்டதற்கு, அவை பெரிய சுற்று, வட்டியோடு சேரும் என்றார் ஏழுமலை.

மறுநாள் கருப்பாயியை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த வழியால் தூக்கி வந்து, தெரு வழியாக இறக்கி, எதிரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வைத்தியர் இளவயதுக்காரர், தமிழ் பேசுபவர். துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு முகம் மாறினார்.

"இவ்வளவு காலம் ஏனம்மா வரயில்ல? இத முந்திக் காட்டியிருந்தா மருந்திலயே ஆறியிருக்கும். இப்ப ரெண்டு விரல எடுக்கவேணும். அதுக்குப் பிறகும் இந்தக் காலால மேடு பள்ளம் ஏறி இறங்க ஏலாது, வாகனத்திலதான் வரவேணும். நீங்க எங்கயிருந்து வாறீங்க? தூரமா?"

கருப்பாயி யன்னலைப் பார்த்தாள். பிறகு விரலை நீட்டினாள். வைத்தியர் திரும்பிப் பார்த்தார். ரோட்டுக்கு அப்பால் தெரு, தெருவுக்கு மேலே பழனியப்பனின் கூரை, அதற்கு மேலே லயத்தின் தகரம் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. தொங்கல் காம்பராவில் காய்ந்த அவளுடைய சேலை கூட அங்கிருந்து தெரிந்தது.

"அந்தா தெரியுதே, அதுதாங்க எங்க வீடு" என்றாள்.

வைத்தியர் துண்டில் எழுதி வார்டுக்கு அனுப்பினார்.

அக்காவை வார்டில் சேர்த்துவிட்டுப் புருசனும் பெண்சாதியும் வீட்டுக்கு ஏறி வந்தார்கள். பழனியப்பன் தன் கேட்டின் முன்னால் நின்றார். பித்தளையில் அவர் பெயர் பதித்த இரண்டு தூண்கள். அவற்றுக்கு நடுவே ஆள் போகலாம், ஓட்டோ போக முடியாது. வீட்டோரத்தைக் கண்ணால் அளந்தார். குளியலறையின் மூலை ஒன்றும் இடிக்க வேண்டியிருக்கும், அப்பால் ஒற்றையடிப் பாதையையும் வெட்டி அகலமாக்க வேண்டியிருக்கும். பிறகு மக்கீனைக் கூப்பிட்டு, ஓட்டோ என்ன அகலம் என்று கேட்டார்.

"எதுக்கு மொதலாளி?"

"மதினி வார்டுல இருந்து வரும்போது நேரா லயத்து வாசல்ல எறக்கணும்" என்றார் பழனியப்பன். புஷ்பவதி அதற்குள் உள்ளே போய், முந்தின நாள் லயத்தில் வாங்கிய அலவாங்கை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்திருந்தாள்.